இரண்டாம் பத்தி

ஹவில்தார் வேலுசாமி எங்கள் அச்சகத்துக்கு வந்தது 1988 மார்ச் மாதம், ஒரு திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்கு. பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்கில் அன்று தார்ப்பாய் போர்த்திய வண்டிகளை ஏற்றிய கூட்ஸ் ஒன்று நின்றிருந்தது. கேட் திறக்க நேரமாகும் என்று தெரிந்து, அவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி வந்தார். உள்ளே வந்ததும் முகத்தைத் துடைக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேஜைமேல் வைத்து, மடிப்பை நகத்தால் நீவினார்.

ஸ்ரீ சாமுண்டீஸ்வரி அச்சகத்தில் அப்போது நாங்கள் மூன்று பேர். முதலாளி பக்தவத்சலம். அச்சுக் கோர்ப்பவர் அப்பாவு, அந்த ஊர்க்காரர். பிழை திருத்துவது நான். கல்யாணப் பத்திரிகை, ஃபாக்டரி படிவங்கள், வெள்ளானூர் பக்கம் புதிதாக மனை போடுகிறவர்களின் விளம்பரம், இவைதான் எங்கள் வேலை. ராணுவத்திலிருந்து ஆர்டர் வருவது அதுதான் முதல் தடவை.

"ஆயிரம் நோட்டீஸ். வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கையில இருக்கணும். வெள்ளிக்கிழமை நான் கிளம்புறேன்" என்றார் வேலுசாமி. திருமங்கலத்துக்காரர். ஆறு மாதமாக யாழ்ப்பாணத்தில் அமைதிப்படையோடு இருக்கிறார். கேப்டனோடு ஒரு வார வேலையாக ஆவடிக்கு வந்திருக்கிறார். ஒரு தாள் ஆங்கிலம், கீழே கேப்டனின் கையெழுத்து. இன்னொன்று தமிழ், அது வேலுசாமியே பெயர்த்து எழுதியது.

"ஏன் ஸார், அங்கேயே அடிக்கக் கூடாதா?" என்று கேட்டார் முதலாளி.

"அங்க பிரஸ்ஸெல்லாம் பூட்டிக் கெடக்கு. தெறந்திருக்குற ஒண்ணு ரெண்டுலயும் நாங்க போனா மெஷின் ரிப்பேருங்கிறான். வெளியில வந்தா மெஷின் ஓடுற சத்தம் கேக்குது."

எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்ற அப்பாவு திரும்பாமலே சொன்னார்: "பின்ன இன்னா ஸார்? பக்கத்து ஊட்டு சண்டைய தீத்து வெக்கிறேன்னு பெரிய அண்ணாத்தே போனாரு. போனவரு பஞ்சாயத்து பண்ணிட்டு வரணுமா இல்லியா? அங்கயே பாய விரிச்சு படுத்துக்கினாரு. ஊட்டுக்காரன் எங்க படுப்பான்?"

"அப்பாவு, கையைப் பாத்து வேலை செய்" என்றார் முதலாளி.

வேலுசாமி கோபப்படவில்லை. "படுக்கவா போனோம்? தூங்கி ஆறு மாசமாச்சு அண்ணே" என்றார்.

அவர் கொடுத்த தமிழ் வாசகம் இது:

'............. கிராமப் பொதுமக்களுக்கு அறிவிப்பு. நாளை காலை ஏழு மணிக்கு ஆண்கள், பெண்கள், குழந்தைகள் அனைவரும் வீட்டைப் பூட்டாமல் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவும். எங்கள் அதிகாரிகள் உங்களிடம் பேசுவார்கள். அச்சப்பட வேண்டாம். வராதவர்களின் வீடுகள் சோதனையிடப்படும். அதன் விளைவுகளுக்கு அவர்களே பொறுப்பு.'

புள்ளி வைத்த இடத்தில் ஊர்ப் பெயரைப் பேனாவால் எழுதிக்கொள்வார்களாம். முந்தின நாள் மாலை வீடு வீடாகக் கொடுத்து, ஜீப்பில் மைக் வைத்தும் வாசிப்பார்களாம்.

செவ்வாய்க்கிழமை காலை அப்பாவு கோர்த்து முடித்து எனக்குப் புரூஃப் எடுத்துத் தந்தார். நான் எதையும் இரண்டு முறை படிப்பேன். முதல் முறை எழுத்துக்காக. இரண்டாம் முறை, பெறுநர் யாரோ அவர் நாற்காலியில் உட்கார்ந்து. ஆரணிப் பள்ளிக்கூடத்தில் கடிதப் பயிற்சி எழுதிய நாளிலிருந்து வந்த பழக்கம் அது. முதல் முறையில் ஒரு பிழையும் இல்லை. இரண்டாம் முறை, 'பேசுவார்கள்' என்ற இடத்தில் என் பென்சில் நின்றுவிட்டது.

"இன்னா வசந்தாம்மா, ஒரு எய்த்துகூட மாறலியே, அப்பறம் இன்னாத்துக்கு மூஞ்சிய சுளிக்கிறே?" என்றார் அப்பாவு.

எனக்கு வெள்ளானூர் தவமணி டீச்சர் நினைவு வந்திருந்தது.

தவமணி டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். எண்பத்தைந்தில் கடல் கடந்து வந்து, வெள்ளானூரில் வீரராகவன் என்பவரின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தார். கணவர் இல்லை. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் நான் எழுதிக் கொடுப்பேன் என்று யாரோ சொல்லி, முந்தின வருடம் என்னைத் தேடி வந்தார். அவர் வீட்டுக் கூரை ஒழுகியது. வீரராகவன் பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டிருந்தார். "நீங்க கவலைப்படாதீங்க டீச்சர், நான் வந்து உங்க ஓனர்கிட்ட பேசுறேன்" என்றேன் நான்.

டீச்சர் பதறிப்போய் எழுந்து நின்றுவிட்டார். "ஐயோ வேண்டாம் பிள்ளை! அவரைப் பேசாதேயும். அவர் நல்ல மனுசன். பேசினா எங்களை வீட்டை விட்டு எழும்பச் சொல்லிப் போடுவார்."

அவர்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது. நாம் பேசுவதை அவர்கள் கதைப்பது என்பார்கள். இதைப் புரிந்துகொள்ள எங்கள் இருவருக்கும் அன்று ஐந்து நிமிடம் பிடித்தது. பிறகு சிரித்தோம். நான் போய் வீரராகவனிடம் கதைத்தேன். ஓடு மாற்றிக் கொடுத்தார்.

இப்போது அந்தச் சொல்லைத்தான் ஆயிரம் பிரதி அடித்து, துப்பாக்கியோடு போய் வீடு வீடாகக் கொடுக்கப் போகிறார்கள்.

முதலாளியிடம் சொன்னேன். அவருக்கு அது விளங்கியது, ஆனால் பிடிக்கவில்லை. "வசந்தா, நம்ம தொழிலுக்கு ஒரு முறை இருக்குது. எழுத்துப் பிழைன்னா நம்ம பொறுப்பு. கருத்துப் பிழைன்னா பார்ட்டி பொறுப்பு. உன் வீட்டுக்காரர் டாங்க் ஃபாக்டரியிலே வேலை செய்யுறார், குவார்ட்டர்ஸ்லே இருக்கே. மிலிட்டரிக்காரன் எழுதினதை நீ எதுக்குத் திருத்துறே?"

"திருத்தலை ஸார். கேக்கப் போறேன். பார்ட்டியைத்தானே கேக்கணும்?"

அவர் கல்லாவுக்குத் திரும்பினார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு வேலுசாமி புரூஃப் பார்க்க வந்தார். "என்னம்மா, பிழை இருக்கா? நானே பெயர்த்ததாக்கும். பத்தாவதுல தமிழ்ல எழுபத்தெட்டு மார்க் எனக்கு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார். "நல்ல கூத்தா இருக்கே! தமிழுக்குத் தமிழ் அர்த்தம் மாறுமாக்கும்?" என்றார். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. புரூஃப் தாளை மேஜைமேல் வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"எங்க கம்பெனியில தமிழ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். அதனால எந்தத் தெருவுக்குப் போனாலும் என்னையத்தான் முன்னால அனுப்புவாக. போன மாசம் ஒரு வீட்டு வாசல்ல நின்னு, 'அம்மா, கொஞ்சம் பேசணும், வாங்க'ன்னு கூப்பிட்டேன். அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டு, 'நான் ஒண்டும் செய்யேல்லை ராசா'ன்னு அழுகுது. பயந்துருச்சு போலன்னு நான் சிரிச்சுக்கிட்டே, 'பயப்படாதீங்க, சும்மா பேசத்தான் வந்தோம்'னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னத்த? கதவைச் சாத்திருச்சு. பின்னால நின்ன பஞ்சாபிக்காரன், 'என்ன வேலு, உன் ஜனங்களே உன்னை நம்பலை'ன்னு கேலி பண்றான். ராத்திரியெல்லாம் வெந்து போச்சு எனக்கு. தமிழன்தானே நான், தமிழ்லதானே கூப்பிட்டேன்னு." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சிரிச்சுக்கிட்டே திட்ட வந்திருக்கேன்னு சொல்லியிருக்கேன். ஆறு மாசமா. தெருத்தெருவா."

அப்பாவு கையிலிருந்த எழுத்துகளைக் கீழே வைத்தார். "ஸார், டீ சொல்லட்டா?" என்று கேட்டார். அவர் பிறரைக் கேட்டு டீ சொல்லி நான் பார்த்ததில்லை.

டீ வந்த பிறகு வேலுசாமி தெளிவாகிவிட்டார். "சரி தங்கச்சி, மாத்திருவோம். ஆனா ஒரு வார்த்தைதானா, இன்னும் எத்தனை கெடக்கோ. அந்த டீச்சர்கிட்ட முழுசையும் காட்டிக் கேட்டுட்டு வாங்க. என் பேரு வேண்டாம்."

"உங்க பேரு வேண்டாம். பேப்பரைக் காட்டலாமா?"

"அடுத்த வாரம் ஊரெல்லாம் மைக்கு வெச்சுப் படிக்கப் போறது. இதுல என்ன ரகசியம்?"

புதன்கிழமை மதியம் ரயிலில் ஆவடி போய், ரெட்ஹில்ஸ் பஸ் பிடித்து வெள்ளானூரில் இறங்கினேன். தவமணி டீச்சர் முற்றத்தில் உட்கார்ந்து மிளகாய்த்தூள் சலித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு தும்மல் போட்ட பிறகு சல்லடையை ஓரமாக வைத்துவிட்டு வந்து, தாளை வாங்கிப் படித்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. படித்துவிட்டு என் பென்சிலைக் கேட்டு வாங்கினார். புள்ளி வைத்த இடத்தில் எதையோ எழுதினார். திருப்பித் தந்தபோது பார்த்தேன். அவருடைய ஊரின் பெயர்.

"எழுதிப் பாத்தன், சரியாப் பொருந்துது" என்றார். "எங்கட அம்மா அங்கதான் இருக்கிறா. தம்பியும்தான். அவனுக்கு இருவத்திரண்டு வயசு."

"அதனால்தான் வந்தேன் டீச்சர். 'பேசுவார்கள்' என்று இருந்தால் உங்கள் ஊரில் பயந்துவிட மாட்டார்களா? கதைப்பார்கள் என்று போடலாமா? வேறு ஏதாவது சொல் தப்பாக இருக்கிறதா?"

"படிச்ச ஆக்களுக்கு ரெண்டு அர்த்தமும் தெரியும். பள்ளிக்கூடத்திலயும் பேப்பரிலயும் நாங்களும் பேச்செண்டுதான் எழுதுறம். ஆனா ஆமிக்காரன் துவக்கோட வந்து வாசலில நிண்டு சொன்னா, எங்கட அம்மாவுக்கு ஒரு அர்த்தம்தான் விளங்கும்." அவர் மறுபடி சல்லடையைக் கையில் எடுத்தார். "நான் சொல்லித் தரமாட்டன் பிள்ளை."

நான் அதை எதிர்பார்க்கவில்லை. காரணம் கேட்டேன்.

"யோசிச்சுப் பாரும். முதல்ல கொழும்பு ஆமி கூப்பிட்டது, பிறகு எங்கட இயக்கப் பொடியள் கூப்பிட்டவங்கள், இப்ப உங்கட ஆக்கள் கூப்பிடினம். எல்லாரும் 'ஒருக்கா வந்திட்டுப் போங்கோ' எண்டுதான் கூப்பிட்டவை. உந்த நோட்டீசில பிழை இருக்கிறபடியா வாசிச்ச உடன சனத்துக்குப் பிடிக்காது. ஆரோ பிறத்தியார் எழுதினது எண்டு விளங்கும், கவனமா இருக்குங்கள். நீர் அதை எங்கட கதையில எழுதிக் குடுத்தா, எங்கட ஆக்களே கூப்பிடுற மாதிரி இருக்கும். நம்பிடுங்கள். நம்பினா வெளியில வருவினம். தம்பியும் வருவான். வந்தாப் பிறகு என்ன நடக்கும்? நீர் பொறுப்பெடுப்பீரோ?"

மிளகாய் நெடி இப்போது உறைக்கவில்லை. நான் தாளை மறுபடி படித்தேன். வராவிட்டால் என்ன ஆகும் என்பதும் அதில்தான் இருந்தது. அதைச் சுட்டிக்காட்டினேன். "வராவிட்டால் சோதனை என்று இருக்கிறதே டீச்சர். அம்மா பயந்து உள்ளேயே இருந்தால் கதவை உடைப்பார்கள். அதற்கும் நாம் பொறுப்புதானே?"

"ஓம்" என்றார். "ரெண்டு பக்கமும் அடிதான். உங்கட நாடு அவ்வளவு பெரிசு. அது எங்கட வாசலில வந்து நிண்டா, சிரிச்சுக்கொண்டு நிண்டாலும் கோவமா நிண்டாலும் எங்களுக்கு வெளியில போற வழி இல்லை."

நான் மூன்றாவது முறையாகப் படித்தேன். அப்போதுதான் எனக்கு அந்தக் குறை தெரிந்தது. சொல்லைத் தேடிக்கொண்டிருந்ததில் அதைப் பார்க்காமல் விட்டிருந்தேன். ஒருவரை வரச் சொல்லி எழுதினால், யார் அழைக்கிறார், எங்கே, எப்போது, எதற்கு என்று எழுதுவோம். எப்போது திரும்பலாம் என்றும் எழுத வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் அது வேண்டாம், ஏனென்றால் அங்கே போனவர் தானாகத் திரும்பிவிடுவார். இந்த நோட்டீசில் ஏழு மணிக்கு வர வேண்டும் என்று இருக்கிறது. எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்று இல்லை. அழைக்கிறவர் பெயரும் இல்லை.

இதைச் சொன்னேன். டீச்சர் என்னைக் கொஞ்சம் வேடிக்கையாகப் பார்த்தார். "அதைப் போடுவிக்க உம்மால ஏலுமோ?"

"முடியும்."

"எப்பிடி?"

"கேட்டு எழுதினால் போடுவார்கள். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்."

அவர் சல்லடையைத் தட்டினார். "சரி. திரும்பிற நேரத்தையும் கூப்பிடுறவரின்ர பேரையும் போட்டா, 'கதைப்பார்கள்' எண்டு போடும். நான் ஓமெண்டு சொல்லுறன். போடாட்டி உந்தப் பிழை அப்பிடியே கிடக்கட்டும். சத்தியம் பண்ணும்."

நான் சத்தியம் செய்கிறவள் இல்லை. "அப்படியே செய்கிறேன்" என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கே அச்சகத்துக்குப் போய்க் கேப்டனுக்கு ஒரு கடிதம் எழுதினேன்.

'ஐயா, தாங்கள் அழைக்கும் மக்கள் வர வேண்டிய நேரத்தை எழுதியிருக்கிறீர்கள். திரும்ப வேண்டிய நேரத்தை எழுதவில்லை. இரண்டும் இருந்தால் அது அழைப்பு. ஒன்று மட்டும் இருந்தால் அது வாரண்டு. திரும்பும் நேரத்தையும், அதற்குப் பொறுப்பான அதிகாரியின் பெயரையும் தாங்கள் கைப்பட எழுதிக் கொடுத்தால், அவ்வூர் மக்களின் வழக்கில் உள்ள சரியான சொல்லை இட்டு இன்று மாலைக்குள் அச்சிட்டுத் தருகிறோம்.'

ஒன்பது மணிக்கு வந்த வேலுசாமி அதை நின்றபடியே படித்தார். "தங்கச்சி, நான் சாதாரண ஹவில்தார். இதை நான் எப்படிக் கொண்டுபோய்க் குடுக்குறது?"

"கையாலே குடுங்க அண்ணே."

"வாரண்டுன்னு எழுதியிருக்கீங்களே!"

"கேப்டனுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது. நான்தான் சொல்லணும்."

"அப்ப உங்களுக்குச் சரியா வர்ற மாதிரி சொல்லுங்க. ஆனா நேரமும் பேரும் விட்டுப்போகக் கூடாது."

அவர் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார். வாசல் வரை போய்த் திரும்பினார். "அந்தம்மா வீட்டுக் கதவு முன்னாடி இன்னொரு தடவை நான் நிக்கணும்ல. அதுக்காகப் போறேன்" என்றார்.

அவர் போன பிறகு முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "ஆர்டர் போச்சு" என்றார்.

"போகாது ஸார்."

"இன்னா தெகிரியத்துல சொல்றே வசந்தாம்மா?" என்று அப்பாவு கேட்டார்.

"கேட்டது நியாயமா இருக்குது. சுருக்கமாவும் இருக்குது. இது ரெண்டும் இருந்தா முக்கால்வாசிக் கடிதத்துக்குப் பதில் வரும்."

"மீதி கால்வாசி?"

"அதுக்கு மறுபடி எழுதணும்."

மதியம் இரண்டு பத்துக்கு வேலுசாமி வியர்த்து வழிய வந்தார். வாயெல்லாம் பல். "போட்டுட்டார்! கேப்டன் போட்டுட்டார் தங்கச்சி!" என்று ஆங்கிலத் தாளை விரித்தார். ஓரத்தில் நீல மையில் புதிதாக எழுதி, ஒரே பத்தியாக இருந்ததை இரண்டாகப் பிரித்திருந்தார் கேப்டன். கீழே முழுப் பெயர், பதவி, யூனிட், தேதி.

நான் படித்தேன். முதல் பத்தி பெண்கள், குழந்தைகள், நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு. அதிகாரிகள் பேசிய பிறகு அன்றே மாலை நான்கு மணிக்குள் அனைவரும் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். இரண்டாம் பத்தி பதினைந்து முதல் நாற்பது வயது வரையுள்ள ஆண்களுக்கு. அதிகாரிகள் பேசிய பிறகு, விசாரணை முடிந்ததும் அனுப்பப்படுவார்கள்.

"இதிலே நேரம் இல்லையே அண்ணே."

"அது எப்படிம்மா போடுறது? ஒரு ஆளை விசாரிக்க ஒரு மணி நேரமும் ஆகும், ஒரு மாசமும் ஆகும். நானும் கேட்டேன். 'எனக்குத் தெரியாததை நான் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன்'னுட்டார். நல்ல மனுசன். மத்தவுகளா இருந்தா ஏதாச்சும் ஒரு நேரத்தைப் போட்டுத் தள்ளியிருப்பாக."

அது நேர்மையான பதில்தான். எனக்கு அந்தக் கேப்டன்மேல் மதிப்பு வந்தது. ஆனால் இருபத்திரண்டு வயது இரண்டாம் பத்தியில் இருந்தது.

வேலுசாமி அங்கேயே உட்கார்ந்து, கீழே கேப்டனின் பெயரையும் பதவியையும் சேர்த்து, தமிழில் புதிதாக எழுதிக் கொடுத்தார். பழக்கம் விடவில்லை, இரண்டு பத்தியிலும் 'பேசுவார்கள்' என்றே எழுதினார். "நீங்க அந்த வார்த்தையை மாத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனார்.

மணி இரண்டே முக்கால். ஐந்துக்குள் ஆயிரம் ஓட வேண்டும் என்றால் மூன்றரைக்கு மெஷினில் ஏற்றியாக வேண்டும். வெள்ளானூர் போய் வர நேரமில்லை. தேவையும் இல்லை என்று தோன்றியது. டீச்சர் எனக்குச் சொல்லி அனுப்பியது தெளிவாக இருந்தது. நேரமும் பெயரும் இருந்தால் அவர்கள் சொல். இல்லாவிட்டால் பிழை அப்படியே. அவர் முழு நோட்டீசை நினைத்துச் சொன்னார். இப்போது பத்தி இரண்டாகிவிட்டது. விதி ஒன்றேதான்.

முதல் பத்தியில் 'உங்களிடம் பேசுவார்கள்' என்பதை அடித்து, ஓரத்தில் எழுதினேன். 'எங்கள் அதிகாரிகள் உங்களோடு கதைத்தபின், அன்றே மாலை நான்கு மணிக்குள் அனைவரும் வீட்டுக்கு அனுப்பப்படுவீர்கள்.' இரண்டாம் பத்தியில் பென்சிலே வைக்கவில்லை. 'எங்கள் அதிகாரிகள் உங்களிடம் பேசுவார்கள். விசாரணை முடிந்தபின் அனுப்பப்படுவீர்கள்.'

அப்பாவு கோர்த்தார். கோர்த்துக்கொண்டே, "மேல ஒண்ணு கீய ஒண்ணா கீது?" என்றார்.

"அப்படித்தான் இருக்கணும்."

அவர் கை ஒரு கணம் நின்றது. வேலுசாமி சொன்னதை அன்று அவரும் கேட்டவர்தானே. "செரி நைனா" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

மூன்று இருபதுக்கு வேலுசாமி திரும்பி வந்தார். புரூஃப் தாளை அவர் கையில் கொடுத்தேன். வெற்றிலை போட்டிருந்தார், மென்றுகொண்டே முதல் பத்தியைப் படித்தார். "கதைத்தபின்... ஆங், இது நல்லாருக்கு" என்றார். இரண்டாம் பத்திக்கு வந்ததும் மெல்லுவதை நிறுத்தினார்.

"இங்கிட்டு மாத்த மறந்துட்டீங்களே."

"மறக்கலை அண்ணே. நீங்க எழுதிக் கொடுத்தபடியே இருக்குது."

"நான்தான் மாத்தச் சொன்னேன்ல?"

"கேப்டன் தனக்குத் தெரியாததை எழுத மாட்டேன்னு சொன்னார். எனக்கும் அதே மாதிரிதான். மேலே இருக்குறவங்க நாலு மணிக்கு வீட்டுக்குப் போவாங்கன்னு அவர் கையெழுத்துப் போட்டிருக்கார், அதனாலே கதைப்பார்கள்னு போட்டேன். கீழே இருக்குறவங்களுக்கு என்ன நடக்கும்னு அவருக்கே தெரியலை. அங்கே போய், வாங்க கதைக்கலாம்னு நான் எப்படிக் கூப்பிடுறது? நேரம் வாங்கிட்டு வாங்க, அதையும் மாத்துறேன். மெஷினை நிறுத்தி வெக்கிறேன்."

முதலாளி கணக்குப் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ட்ரெடில் மெஷின் பக்கத்தில் அப்பாவு எண்ணெய்க் கேனோடு நின்றார். கேட் மணி அடித்து ஓய்ந்தது. ஒரு லோக்கல் ரயில் போயிற்று.

வேலுசாமி தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி படித்தார். இந்த முறை உதடு அசையப் படித்தார், தன் ஊர் ஆளாக அல்ல, அங்கே உள்ள ஒருவராக என்று எனக்குத் தோன்றியது. படித்து முடித்து வாசலுக்குப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"நம்ம ஊர்க்காரன் படிச்சா இதுல ஒண்ணும் வித்தியாசம் தெரியாதுல்ல?"

"தெரியாது. இலக்கணப்படியும் சரி. ரெண்டும் ஒரே அர்த்தம்."

"அங்க உள்ளவுக?"

"பொம்பளைங்க முதல் பத்தியைப் படிச்சுட்டு வருவாங்க. வயசுப் பசங்க ரெண்டாவதைப் படிச்சுட்டு முடிவு பண்ணுவாங்க. வர்றதா, என்னன்னு."

"மைக்குல வாசிக்கிறது நான்."

"தெரியும் அண்ணே."

"நானே வாசிக்கணும். 'உங்களிடம் பேசுவார்கள்'னு. அர்த்தம் தெரிஞ்சுக்கிட்டே." அவர் மேஜைமேல் இருந்த என் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். "ஆறு மாசமா தெரியாம சொன்னேன். அதுக்கு இது தேவலை."

புரூஃபின் மூலையில் 'அச்சிடலாம்' என்று எழுதி, பெயரைப் போட்டு, தேதியும் மணியும் குறித்தார். அப்பாவு பெடலை மிதித்தார்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கட்டுகளைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினோம். அவர் எங்களிடம் பெரிதாக விடைபெறவில்லை. "கயிறு இறுக்கமா இருக்கா?" என்று மட்டும் அப்பாவிடம் கேட்டார்.

சனிக்கிழமை அச்சகம் அரை நாள். வெள்ளானூருக்குப் போய்த் தவமணி டீச்சரிடம் ஒரு பிரதியைக் கொடுத்தேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அவர் தாளை மடியில் விரித்துவைத்துக் கேட்டார். பிறகு முதல் பத்தியை ஒரு தரம் படித்தார். இரண்டாம் பத்தியைச் சத்தமாக, மைக்கில் படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி இரண்டு தரம் படித்தார்.

"அம்மா போவா. தம்பி போகமாட்டான், இரவே எங்கயும் மாறியிடுவான்" என்றார். "விளங்கியிடும் அவனுக்கு. கெட்டிக்காரன்."

"நான் உங்களைக் கேட்காமல் செய்தேன் டீச்சர். நேரம் இருக்கவில்லை."

"கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பன்." அவர் தாளை மடித்தார், மறுபடி பிரித்தார். "நாலு மணிக்கு விடாட்டி?"

"கேப்டன் கைப்பட எழுதிய தாள் அச்சகத்தில் என் மேஜையில் இருக்கிறது. அடுத்த நாளே கடிதம் எழுதுவேன். ஒன்று அவருக்கு, ஒன்று அவருக்கு மேலே இருப்பவருக்கு. பதிவுத் தபாலில்."

"பதில் வராட்டி?"

"மறுபடி எழுதுவேன். பத்திரிகைக்கும் ஒன்று போகும். பெயர் கொடுத்துவிட்டார் டீச்சர். இனிமேல் அவர் யாரோ ஒருவர் இல்லை."

டீச்சர் அன்று முதல் முறையாகச் சிரித்தார். "உம்மோட கதைச்சு வெல்லேலாது பிள்ளை." உள்ளே போய், மாதாமாதம் போலீஸ் ஸ்டேஷனில் தன் பெயரையும் விலாசத்தையும் காட்டிக் கையெழுத்து வாங்குகிற நோட்டை எடுத்து வந்தார். கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கேப்டனின் பெயரை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். முத்து முத்தாக எழுதினார்.

"எந்த யூனிட்?" என்று கேட்டார். "அதையும் சொல்லும்."